கூசக் கூச வளர்ந்த துணி

கருக்கம்பாளையத்தில் கோகிலவாணியின் தையல் கம்பெனியில் துணி தானாக வளர ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்துப் புதன்கிழமையில். அன்றைக்குக் காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்ததால் முதலில் எல்லோரும் அதைக் காற்றின் வேலை என்று நினைத்தார்கள், அப்புறம் கட்டிங் மாஸ்டர் ராயப்பனுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தார்கள், அதற்கும் அப்புறம் துணி வளர்கிறது, அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டு, வெட்டுகிற மேஜையை இன்னும் கொஞ்சம் நீளமாக்க ஆசாரிக்கு ஆள் அனுப்பினார்கள்.

கோகிலவாணி பெரிய உடம்புக்காரி. "உங்க அளவுக்கு வராதுங்க" என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்தே துணிக்கடைகளில் கேட்டு வளர்ந்தவள். கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் கடைக்காரரின் வாய்க்கு வருமுன் அவர் கண்ணில் கிளம்பி வருவதைப் பார்க்கப் பழகியிருந்தாள். கிடைத்த துணியெல்லாம் பாலியஸ்டர். அது அவள் அக்குளை அறுத்தது, தொடையில் தீப்பட்ட மாதிரி எரிந்தது, வெயில் காலத்தில் உடம்பெல்லாம் கொப்புளமாக்கியது. அதனால்தான், பழைய கோழிப்பண்ணைக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, சில தையல் மிஷின்களைப் போட்டு, 'விசாலம்' என்று பெயர் எழுதி மாட்டியபோது, தன்னைப் போன்ற பெண்களுக்கு மட்டும்தான் தைப்பது, பூச்சிமருந்து படாத நாட்டுப் பருத்தியில்தான் தைப்பது, சாயம் என்றால் அவுரியும் கடுக்காயும்தான் என்று தனக்குத்தானே ஒரு சத்தியம் வைத்துக்கொண்டாள்.

சத்தியம் வைப்பது சுலபம், துணி கிடைப்பதுதான் கஷ்டம். திருப்பூரில் ஒரு மில்லில் ஏறி இன்னொரு மில்லில் இறங்கினாள். இயற்கைப் பருத்தி இருந்த இடத்தில் அகலம் இல்லை, அகலம் இருந்த இடத்தில் ஒரு லாரி நிறைய எடுத்தால்தான் கொடுப்போம் என்றார்கள், இரண்டும் இருந்த இடத்தில் மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தானுங்களா?" என்று கேட்டார். அவள் "இல்லைங்க, வெளிநாட்டுக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, தான் எதற்குப் பொய் சொன்னோம் என்று தெரியாமல் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் துணி கொடுத்தவர் சென்னியப்பன். அவர் நெய்தது பெட்ஷீட். அவருடைய தறிகள் கட்டிலுக்கு நெய்கிற தறிகள், அதனால் அகலமானவை. "நாட்டுப் பருத்தி நூலைக் கொண்டாந்து கொடுங்க, அதே தறில போட்டுத்தாரேன். ஆளு அகலம்னா தறியும் அகலமா இருக்கோணும். இதுல என்னங்க இருக்குது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு துளி கேலியும் இல்லை. ஆனாலும் பெட்ஷீட் என்ற சொல் அவள் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது.

விசாலத்துக்கு வந்த பெண்கள் ஆள் நடமாட்டம் இல்லாத உச்சிவெயில் நேரத்தில், கொட்டகையின் பின்பக்கமாக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருமே தங்கள் அக்காவுக்குத் தைக்க வந்தார்கள்.

"உங்கக்கா உங்களாட்டவே இருப்பாங்களா?" என்று கேட்பாள் கோகிலவாணி.

"ஆமாங்க. அச்சு அசல் என்னாட்டவே."

"அப்ப உங்க மேலயே அளவு எடுத்துக்கறேன்" என்று சொல்லி, டேப்பை மெதுவாகச் சுற்றுவாள். அளவை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அவள் மேல் மட்டும் யாரும் டேப் வைத்ததில்லை.

அந்தப் புதன்கிழமை ஒரு துணி ஏஜெண்ட் வந்திருந்தார். மேஜைமேல் விரித்திருந்த துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த பூமிப் படத்தையும் பார்த்துவிட்டு, "பூமிக்கு நல்லது பண்ணோணும்னா கம்மியாத் துணி செலவு பண்ணோணும். உங்க ஆளுங்க ஒருத்தருக்கு வெட்டற துணில நாங்க ரெண்டு பேத்துக்கு வெட்டிருவமே. இதுல பூமிக்கு என்னங்கம்மா லாபம்?" என்று கேட்டுச் சிரித்தார். மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. கோகிலவாணியும் சிரித்தாள். அவருக்கு டீ வரவழைத்தாள். அவளுடைய வலது கை துணிமேல் ஊன்றியிருந்தது, காதுமடல் இரண்டும் வெந்துகொண்டிருந்தன, அப்போதுதான் துணிச்சுருள் ஒருமுறை புரண்டு, இன்னொருமுறை புரண்டு, மேஜையின் விளிம்பு தாண்டி, ராயப்பனின் கால்மேல் வந்து விழுந்தது.

கூசும்போதுதான் அது வளர்கிறது என்று கண்டுபிடித்தவள் தெய்வானை. முதல் மிஷினில் உட்கார்ந்து கழுத்துப்பட்டி தைக்கிறவள், கண் கூர்மையானவள். பஸ்சில் ஒருத்தன் "ரெண்டு டிக்கெட் எடுங்க" என்று சொன்ன கதையைக் கோகிலவாணி சிரித்துக்கொண்டே சொன்ன அன்றைக்குத் துணி ஒரு முழம் நீண்டது. சொந்தக்காரி ஒருத்தி வந்து "கொள்ளுத்தண்ணி குடிச்சுப் பாரு கண்ணு" என்று அன்பாகச் சொன்ன அன்றைக்கு ஒரு வேட்டியளவு நீண்டது. யாரும் எதுவும் சொல்லாத நாட்களில் துணி மற்ற துணிகளைப் போலச் சும்மா கிடந்தது. வளர்ந்த துணி முதலில் வந்த துணியைவிட மிருதுவாக இருந்தது. குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. போட்டுக்கொண்ட பெண்கள் அடுத்த தடவை முன்பக்க வாசல் வழியாக வந்தார்கள், தங்கள் பெயரையே சொன்னார்கள், அக்காக்களைப் பற்றிப் பேசவில்லை.

அதனால் ஆர்டர் குவிந்தது. ஆர்டர் குவிந்ததால் துணி வேண்டியிருந்தது. துணி வேண்டியிருந்ததால், ஒருநாள் காலையில் தெய்வானை எழுந்து வந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். "நேத்து நீங்க அந்தப் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தீங்கல்ல, எந்திரிச்சப்போ சேரும் கூடவே எந்திரிச்சு வந்துச்சு. நாங்கெல்லாம் பாத்தோமுங்க."

துணி புரண்டது. ராயப்பன் கத்தரியை எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கோகிலவாணி யாரையும் திட்டவில்லை. அன்று சாயங்காலம் கொட்டகையைப் பூட்டும்போது அவள் தனக்குள் சொல்லிக்கொண்டது இதுதான்: வெளியில இதையெல்லாம் சும்மாவே கேட்டோம், இங்க துணியாவாவது ஆகுதே.

அப்படித்தான் அது பழக்கமாயிற்று. காலையில் மிஷின் ஓட்டுமுன், டீ குடித்ததும், முறை வைத்து ஒருத்தர் வந்து ஒன்று சொல்வார்கள். முறை வந்தவர்கள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார்கள். சிலர் வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். எல்லோரும் "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்து, "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்று முடித்தார்கள். மோசமாகச் சொல்லத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் முதல்நாளே சொல்லிக்கொடுத்தார்கள். ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. கையில் காசு புழங்கியதால் வீட்டுக்கு வீடு ஓடு மாற்றினார்கள், கொட்டகைக்கு எதிரில் ஒரு டீக்கடையும் ஒரு நூல்கடையும் வந்தன, கோயில் பூசாரி ஒருநாள் வந்து துணிக்குச் சந்தனம் தெளித்துவிட்டு, "பாஞ்சாலிக்கும் இப்படித்தானே துணி வந்துச்சு, அவமானப்பட்ட எடத்துலதானே வந்துச்சு" என்றார். எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது.

ராயப்பன் மட்டும், "அங்க இழுத்தவனுக்கு யாரும் சந்தனம் தெளிக்கலைங்களே" என்றார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கு அந்தக் கதை முழுதாகத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கோகிலவாணியின் வீட்டுக்காரர் பொன்னுரங்கம்தான் வேன் ஓட்டி, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். காலையில் கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் வேன் கண்ணாடியைத் துடைக்க வெளியே போய்விடுவார். தீபாவளிக்குக் கோகிலவாணி அதே துணியில் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தாள்; அவருக்கும் ராயப்பனுக்கும் சட்டை, பெண்களுக்குச் சுடிதார், தெய்வானைக்குக் கேட்டபடி சேலையும் முழங்கை வரை வைத்த ஜாக்கெட்டும். அவரவர் அளவை அவளே எடுத்தாள். எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு வந்து அவளிடம் காட்டி, பிறகு வேலைக்கும் அதையே உடுத்திக்கொண்டு வந்து, அடுத்த நாள் காலையிலிருந்து பழையபடி முறை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

தை பிறந்தபோது ஒரு கும்மிக் குழு வந்தது. பெரிய உடம்புக்காரப் பெண்கள் நாற்பது பேர். ஒவ்வொருத்தியும் ஒவ்வோர் ஊரில் வள்ளிக்கும்மி கற்றுக்கொள்ளப் போய், ஆட்டமெல்லாம் சரியாக வந்து, கடைசியில் "சீருடை உங்க அளவுக்கு இல்லீங்க" என்று ஓரத்தில் நிறுத்திவைக்கப்பட்டவள். ஒருத்தியை ஒருத்தி தேடிப் பிடித்து, தாங்களே ஒரு குழுவாகி, கருக்கம்பாளையத்து மாரியம்மன் நோம்பித் திருவிழாவிலேயே முதல் ஆட்டம் ஆடப்போவதாகச் சொன்னார்கள். "ஓடி ஆடினா அறுக்காத துணி வேணுமுங்க. ஒரே மாதிரி வேணும். இதுவரைக்கும் நாங்க யாரும் சீருடைன்னு ஒண்ணு போட்டதே இல்லீங்க" என்றாள் அவர்களில் ஒருத்தி.

கோகிலவாணி சரி என்றாள். அடுத்த நாளிலிருந்து துணி வளரவில்லை.

தெய்வானை சேரைச் சொன்னாள், வளரவில்லை. இன்னொருத்தி பஸ்சைச் சொன்னாள், வளரவில்லை. பழைய சொற்கள் எல்லாம் தேய்ந்துபோய்விட்டன. கோகிலவாணி அவற்றை மழைச் சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். புதிதாகத் தேடினார்கள். அவள் சாப்பிடுவதைச் சொன்னார்கள், குழந்தை இல்லாததைச் சொன்னார்கள். அதைச் சொன்ன பெண் பாதியிலேயே அழுதுவிட்டாள், துணி ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. நோம்பி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது தெய்வானையும் இன்னும் சிலரும் பொன்னுரங்கத்திடம் போனார்கள்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியாம இருக்காது. அக்காவுக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு இருக்கும். நாப்பது பேரு காத்துக்கிட்டிருக்காங்க. நல்லதுக்குத்தானுங்களே."

பொன்னுரங்கம் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். பிறகு உள்ளே வந்தார்.

"வாணி" என்றார்.

அவர் உள்ளே வந்ததிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. "சொல்லுங்க" என்றாள். இரண்டு கைகளையும் துணிமேல் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல பருத்தி யாவாரம்" என்று அவர் மற்றவர்களைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "கல்யாணம் முடிவாகறதுக்கு முன்னால வீடு பாக்கறதுக்கு இவங்க வீட்டாளுகளோட இவளும் வந்திருந்தா. வாசல்ல மூட்டை நிறுக்கற தராசு நின்னுச்சு. எங்க மாமா சும்மா இருக்காம, 'நம்மூட்டுக்குள்ள எது வந்தாலும் நிறுத்துத்தான் எடுப்போம், ஏறு கண்ணு'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே செருப்பைக் கழட்டிட்டு ஏறி நின்னா. மாமா எடையைச் சத்தமாச் சொன்னாரு. மூட்டை தூக்கற ஆளு ஒருத்தன், பழக்கதோசம், 'சாக்கு எடை கழிக்கோணுமுங்களா'ன்னு கேட்டான்." பொன்னுரங்கம் கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்குத்தான் எல்லாரும் ரொம்பச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். துணிச்சுருள் அசையவில்லை. கோகிலவாணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற தெய்வானையைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்தத் தராசில் அவள் தன்னை மட்டும்தான் பார்த்திருந்தாள். இன்றைக்குத்தான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

"இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அப்போது பொன்னுரங்கத்தின் சட்டைக்கை இறங்கியது. மணிக்கட்டைத் தாண்டி, விரல்களை மூடி, முழங்காலைத் தொட்டு, தரையில் போய் மடிந்தது. ராயப்பனின் சட்டை கணுக்கால் வரை இறங்கியது. சுடிதார் போட்டிருந்த பெண்களின் கைகளும் காணாமல் போயின. தெய்வானையின் ஜாக்கெட் கை நீண்டு விரல்களை மூட, சேலைக் கொசுவம் அவிழ்ந்து நீண்டு, மிஷின் காலைச் சுற்றி, வாசல் வரை ஓடியது. தீபாவளித் துணி உடுத்தியிருந்த ஒருவர்கூடத் தப்பவில்லை. ஓடை நிறைந்து வருகிற மாதிரி துணி தரையெல்லாம் பரவியது. அதன் நடுவே கையில்லாதவர்களைப் போல எல்லோரும் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தெய்வானை, பழக்கத்தில், தரையைப் பார்த்தபடியே, "அக்கா, நாப்பது பேத்துக்கும் போதும்போல இருக்குதுங்க. வெட்டிரலாமுங்களா?" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் கோகிலவாணி. "அவங்க ஆடப் போறவங்க. இதைக் கட்டிக்கிட்டு எப்படி ஆடுவாங்க? இது உங்க துணி. அவங்கவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "வண்டியை எடுங்க" என்றாள். பொன்னுரங்கம் சட்டைக்கைகளைச் சுருட்டிச் சுருட்டித் தோள்வரை ஏற்றிக்கொண்டு வேனை எடுத்தார். இருவரும் சென்னியப்பனின் தறிக்கூடத்துக்குப் போனார்கள். புதிதாக நெய்ய நாள் இல்லை என்றார் சென்னியப்பன். சாயம் ஏற்றாத வெள்ளைப் பெட்ஷீட் அடுக்கடுக்காக இருக்கிறது, இப்போது எல்லாமே நாட்டுப் பருத்திதான், பத்தாயிரம் தடவை துவைத்தாலும் கிழியாது, ஆனால் பெட்ஷீட் ஆயிற்றே என்று இழுத்தார்.

கோகிலவாணி ஒன்றை விரித்து, தன் தோள்மேல் போட்டுக்கொண்டு, தறிக்கூடத்து நடுவிலேயே டேப்பை எடுத்துப் பொன்னுரங்கத்திடம் நீட்டினாள்.

"பிடிங்க. எனக்கு அளவெடுங்க. ஒருத்திக்கு ஒரு ஷீட் போதுமான்னு பாக்கோணும்."

அவர் டேப்பைச் சுற்றி அளவைப் பார்த்தார், சொல்லத் தயங்கினார்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றாள். சொன்னார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஷீட் போதுமானதாக இருந்தது.

நோம்பியன்று நாற்பது பெண்களும் வெள்ளையில் அவுரிநீலக் கரை வைத்த உடுப்பில் கோயில் மைதானத்துக்கு வந்தார்கள். பாட்டு எடுத்ததும் ஆடினார்கள். அவர்கள் குதித்த குதியில் புழுதி எழுந்தது, அவர்கள் சேர்ந்து தட்டிய கைச்சத்தம் அடுத்த ஊர் வரை கேட்டதாகச் சொன்னார்கள். ஆட்டம் முடிந்ததும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். விசாலத்து ஆட்களும் தட்டினார்கள். ஆனால் அவர்களுடைய கைகள் எவ்வளவு சுருட்டியும் நிற்காத சட்டைக்கைகளுக்குள் இருந்ததால், தட்டியது பஞ்சு மூட்டையைத் தட்டுகிற மாதிரி, சத்தமில்லாமல் இருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க அந்தச் சட்டைக்கைகள் இன்னும் ஒரு முழம் நீண்டன.

அதற்கப்புறம் மேஜைமேல் இருந்த துணி எந்தத் துணியையும் போல வெட்ட வெட்டக் குறைந்து, ஒருநாள் உள்ளே இருந்த அட்டைக்குழாய் தெரிந்தது. கோகிலவாணி மறுபடியும் மில் மில்லாக ஏறி இறங்கினாள். ஆர்டர்கள் தாமதமாயின, சில போயின. ஆட்களில் சிலர் வேறு கம்பெனிக்குப் போனார்கள். இருந்தவர்களுடைய உடுப்பு மெதுமெதுவாக வளர்வதை நிறுத்தியது, ராயப்பனுக்குச் சீக்கிரம், தெய்வானைக்கு அடுத்த மழைக்காலத்தில். வெட்டிப் போட்ட மிச்சத்தை ஒருவரும் விற்கவில்லை, எரிக்கவும் இல்லை. பெட்டிக்கடியில் வைத்துக்கொண்டார்கள், விருந்தாளிகள் கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

பொன்னுரங்கத்தின் சட்டைக்கை மட்டும் நிற்கவில்லை. அவர் வேறு சட்டை போட்டுக்கொண்டிருக்கலாம், போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கோகிலவாணியின் முன்னால் கையை நீட்டி நிற்பார். அவள் மணிக்கட்டில் விரல் வைத்து, மீதியைக் கத்தரித்து, ஓரம் அடித்துக் கொடுப்பாள். ஒருதடவை அவர், "என்னை மன்னிச்சிரு வாணி" என்றார்.

"ஆடாம நில்லுங்க, கோணலாப் போயிரும்" என்றாள் அவள்.

இப்படி ஒரு வருஷத்துப் பருத்தி வெடித்து அடுத்த வருஷத்துப் பருத்தியும் வெடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து கையை நீட்டியபோது, சட்டைக்கை மணிக்கட்டிலேயே நின்றிருந்தது. அவள் கத்தரியைப் பிடித்தபடி அதைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கையையும் பார்த்தாள். அதுவும் அளவாக இருந்தது. அவர் முகத்தில் வெயில் தணிந்த மாதிரி ஒன்று வரப் பார்த்தது.

"மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டைக்கை மெல்ல அசைந்து, மணிக்கட்டு தாண்டி, உள்ளங்கையில் வந்து நின்றது.

கோகிலவாணி கத்தரியைக் கீழே வைத்தாள். அந்தச் சட்டைக்கையை வெட்டாமல், ஒரு மடிப்பு மடித்து, பட்டன் போட்டுவிட்டாள்.